குண்டுமணிக்கு வியாழக்கிழமை பட்டினி

ஜூலை 4

என் நம்பரை அடைத்து வைத்திருக்கும் அக்காவுக்கு,

இதனால் மாட்சிமை தங்கிய அக்கா அவர்களுக்கும், விடுதி அறையில் அவரோடு தங்கியிருக்கும் பாவப்பட்ட பெருமக்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை ஆறு நாற்பது மணிக்கு, மொட்டைமாடியில், தங்கள் தங்கமீன் குண்டுமணி அவர்கள் வெளிக்குப் போனார்கள். நிறம், கருஞ்சிவப்பு. நீளம், அரை விரல். நடுவில் காற்றுக்குமிழி இல்லை. நூல் போல இழுத்துக்கொண்டு திரியாமல் உடனே அறுந்து விழுந்தது. கண்ணால் கண்ட சாட்சி, அடியேன்.

"கழிவைப் பார்த்துத்தான் அடுத்த வேளைத் தீனியை முடிவுசெய்ய வேண்டும்" என்று சுவரில் ஒட்டிய தாளில் ஏழாவது விதியாக எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். பார்த்தேன், முடிவுசெய்தேன். பதினாறு வயதில் என் வகுப்புப் பையன்கள் காலையில் எழுந்ததும் எதை எதையோ பார்க்கிறார்கள். எனக்கு வாய்த்தது இது.

போனில் சொல்ல வேண்டிய செய்தி. நீ நம்பரை அடைத்துவிட்டாய். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், அதில் படம் அனுப்ப முடியாது. ஆகவே காகிதம். தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. பெட்டிக்குள் ஒரு சிலந்தி குடும்பம் நடத்துகிறது.

கேரட் விஷயத்துக்கு வருகிறேன். நீ கிளம்பிய அன்று காலை தொட்டியில் மல்லாந்து மிதந்தது மீன் இல்லை, கேரட் என்று கண்டுபிடிக்க உனக்கு இருபது நிமிடம் ஆனது. அதில் பதினெட்டு நிமிடம் அழுகை. நிஜக் குண்டுமணி பக்கத்துத் தொட்டியில் சௌக்கியமாக இருந்து உன்னை வேடிக்கை பார்த்தது. நோயாளியின் ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து நோயைச் சொல்லப் படிக்கப் போகிறவளுக்குக் கேரட்டும் மீனும் ஒன்றாகத் தெரிந்தால் அது யார் குற்றம்? வால் செதுக்க ஒரு மணி நேரம் ஆனது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நீ கிளம்பும்போது அம்மாவிடம் சொல்லிக்கொண்டாய், மாடிக்குப் போய் மீனிடம் சொல்லிக்கொண்டாய். என் பக்கம் திரும்பவே இல்லை. மாடிச் சாவியை என் கையில்கூடக் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டுப் போனாய். சரி, கோபத்தை வைத்துக்கொள்.

தொட்டிப் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இனிமேல் இந்தத் தொட்டி என் பழக்கம்.

உன் ஒரே தம்பி
(இன்னொருவன் இருந்தால் அவனை அனுப்பியிருப்பேன்)


ஜூலை 12

டேய்,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். மீனுக்காக எழுதுகிறேன், உனக்காக இல்லை.

உன் இருபது நிமிடத்தில் ரயில் போய்விட்டது. ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தேன். ஜன்னலோரக் கட்டில்கள் எல்லாம் முடிந்து, குளியலறைக் கதவை ஒட்டின கட்டில்தான் மிச்சம். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் என் முழங்காலில் இடிக்கிறது. காப்பாளர் அம்மா எல்லோர் எதிரிலும், "ஏம்மா லேட்டு?" என்று கேட்டார். "கேரட் மேடம்" என்றா சொல்ல முடியும்?

உனக்கு எல்லாம் விளையாட்டு. தங்கமீன் சங்கத்துப் போட்டியில் போன வருடம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், இருந்தும் எழுதுகிறேன். மீசை என் மீனை மேலேயிருந்து பார்த்தார். பதினெட்டு வருடமாக நடுவர் என்ற திமிரில், கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி, "வெள்ளரிக்காய்க்கு வால் வச்ச மாதிரி இருக்கே. பாசத்துல அள்ளி அள்ளிப் போட்டா உடம்பு வராதும்மா, தொப்பைதான் வரும். இதுக்கெல்லாம் அளவு தெரியணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் நானூற்று முப்பது குஞ்சு பொரித்தேன். இந்த ராஞ்சு வகைக்கு முதுகில் துடுப்பே இருக்கக் கூடாது. துளி மேடு இருந்ததை, வால் ஒரு பக்கம் சாய்ந்ததை, நீந்தும்போது தலை கவிழ்ந்ததை வாரா வாரம் பிரித்துப் பிரித்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். மிஞ்சியது குண்டுமணி ஒன்றுதான். நவம்பர் 23 ஞாயிற்றுக்கிழமை மீசை அதன்மேல் குனிய வேண்டும். குனிந்து, வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். கோப்பை எனக்கு வேண்டாம். அந்த வாய் மூட வேண்டும், அவ்வளவுதான்.

தாளில் இருப்பதை மறுபடி படி. ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒவ்வொரு வேளையும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. உருண்டைத் தீனியைப் பத்து நிமிடம் ஊற வைத்து, அது மூழ்கிய பிறகுதான் போட வேண்டும். மிதக்கிற தீனியைத் தின்ன மேலே வந்தால் காற்றையும் சேர்த்து விழுங்கும். தண்ணீர் ஒரு சாண் ஆழம் மட்டும். காலை வெயில் பத்து மணி வரை. தொட்டிச் சுவரில் படிந்திருக்கும் பாசியைச் சுரண்டாதே, சிவப்பு அதைத் தின்றுதான் ஏறும். வியாழக்கிழமை முழுப் பட்டினி.

மீன் சம்பந்தமில்லாத எதையும் எனக்கு எழுதாதே.

அக்கா


ஆகஸ்ட் 2

மீன் சம்பந்தப்பட்ட அக்காவுக்கு,

உத்தரவுப்படி இந்தக் கடிதத்தில் மீன் மட்டுமே நீந்தும்.

முதலில் உன் தீனி அளவு. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்க வேண்டுமாம். எங்கள் பள்ளியில் தண்ணீர் குடிக்கவே அதைவிட அதிக நேரம் கொடுக்கிறார்கள். நான் படியேறும் சத்தம் கேட்டாலே குண்டுமணி பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு ஓரத்துக்கு ஓடி வந்து, வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. அது பேசினால் என்ன சொல்லும் தெரியுமா? "உங்கக்கா ஊருக்குப் போயிட்டாளா? சரி, இப்பவாச்சும் வயிறாரப் போடு" என்று சொல்லும்.

போட்டேன். இரண்டு நிமிடம் ஐந்து நிமிடமானது. ரத்தப்புழுக் கட்டி வாரத்துக்கு இரண்டு என்பது தினம் ஒன்றானது. வியாழக்கிழமைப் பட்டினி இன்றோடு ரத்து. நீ வைத்தது விதி, எனக்கு இருப்பது மதி. எது எதை வெல்லும் என்று ஊருக்கே தெரியும்.

பலனைக் கேள். உடம்பு உருண்டுவிட்டது. தலையில் சதை புடைத்து, கண்ணிரண்டும் குழிக்குள் போய், பரீட்சை மேற்பார்வையாளர் முகம் மாதிரி ஆகிவிட்டது. துணி காயப்போட மாடிக்கு வந்த எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "என்னப்பா, பலூனுக்கு வால் ஒட்டியிருக்கே!" என்றார். நீ ஏழு மாதத்தில் வாங்காத பாராட்டு. நான் நாலு வாரத்தில் வாங்கினேன்.

சிரித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் அழுதால் உன் தம்பி என்று காட்டிக் கொடுத்துவிடும். அதனால் சிரித்தேன்.

மீன்வளத்துறை அமைச்சர்
(மொட்டைமாடி)


ஆகஸ்ட் 14

டேய்,

உன் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் படித்தேன். மேசையில் அறைந்ததில் ஒரு கண்ணாடித் தகடு உடைந்தது. அதற்கும் திட்டு வாங்கினேன். உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

பலூன் என்பது பாராட்டா? உருண்டது உடம்பு இல்லை, வயிறு. மேலேயிருந்து பார்த்தால் அகலம் செவுளுக்குப் பின்னாலேயே ஆரம்பித்து, அப்படியே வாலின் அடி வரை தடிமனாகப் போக வேண்டும். நடுவில் மட்டும் புடைத்தால் அது கர்ப்பம் மாதிரி இருக்கும். இந்த வகை மீனுக்குக் குட்டை உடம்புக்குள் குடலும் காற்றுப்பையும் நெருக்கியடித்து மடங்கிக் கிடக்கிறது. அதில் தீனியைத் திணித்தால் காற்றுப்பை நசுங்கும். மீன் கவிழ்ந்துவிடும். இந்தத் தடவை கேரட் இல்லை. நிஜமாகவே மல்லாந்து மிதக்கும். அது வாயைத் திறப்பது பசியால் இல்லை, மீன் எப்போதும் கேட்கும். கேட்டபோதெல்லாம் போடுகிறவன் வளர்ப்பவன் இல்லை, முட்டாள்.

நாளையிலிருந்து தாளில் எழுதியபடி. ஒரு உருண்டை கூடக் கூடாது, ஒரு உருண்டை குறையக் கூடாது. வியாழக்கிழமை பட்டினி.

உன்னிடம் விட்டது என் தப்பு. எதையாவது உருப்படியாக வளர்த்திருக்கிறாயா நீ? உன் உயரத்தையே உன்னால் ஒழுங்காக வளர்க்க முடியவில்லை.

அக்கா


செப்டம்பர் 3

உயரம் குறைந்த தம்பி எழுதுவது,

மூன்று வாரமாக ஏன் எழுதவில்லை என்று அம்மாவிடம் கேட்டாயாம். தப்பு. "மீனைப் பத்தி ஏன் எழுதல?" என்று கேட்டாய். அம்மா அப்படியே சொன்னார்.

உன் இரண்டு கடிதத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். குண்டுமணி, தீனி, தண்ணீர், மீசை. நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. என் நலம் கேட்டு ஒரு கேள்விக்குறி இல்லை. "உயரம்" என்று ஒரே ஓரிடத்தில் என் பேச்சு வருகிறது, அதுவும் அளந்து பார்த்துத் திட்ட.

நானே சொல்லிக்கொள்கிறேன். என் தாடையில் நாலு தையல். கீழே விழுந்தேன். உனக்குத் தேர்வு நேரம், சொல்ல வேண்டாம் என்று அம்மா சொன்னார். ஒரு வாரம் கஞ்சி மாதிரி எல்லாவற்றையும் உறிஞ்சிக் குடித்தேன். வாயைத் திறக்க முடியாததால் வீடே அமைதியாக இருந்தது என்று அம்மா சந்தோஷப்பட்டார். உன் மீனுக்கு ஒரு செதில் கீறினால் மூன்று பக்கம் எழுதுவாய். எனக்கு நீ எழுத வேண்டாம். கேட்டு வாங்கிக்கொள்ள நான் தொட்டி ஓரத்தில் வாய் திறக்கிற ஜாதி இல்லை.

மீன் நன்றாக இருக்கிறது. வியாழக்கிழமைப் பட்டினி மறுபடி அமலுக்கு வந்துவிட்டது. உனக்குப் பயந்து இல்லை, என் பெருந்தன்மையால். பச்சைப் பட்டாணியை அவித்து, தோலுரித்து, கடுகளவு நசுக்கிப் போடுகிறேன், குடல் இளகும். பத்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பு. தண்ணீரில் பகல் சூட்டுக்கும் விடியற்காலைக் குளிருக்கும் வித்தியாசம் வராதபடி மேலே பலகை. தோளில் சதை நிற்க ஆரம்பித்திருக்கிறது. இதெல்லாம் என் சொந்த ஆராய்ச்சி.

கோபத்தில் இருக்கிறேன். கீழே வேடிக்கையாகக் கையெழுத்துப் போடப் போவதில்லை.

தம்பி


செப்டம்பர் 12

டேய் தம்பி,

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசக் கிடைக்கிற அரைமணி நேரமும் சண்டையில் போனது. நாலு தையல் போட்டதை என்னிடம் மறைக்க அம்மாவுக்கு என்ன உரிமை? "நீ கேட்டியா?" என்றார் அம்மா. படக்கென்று போனை வைத்துவிட்டேன். அந்தக் கோபத்தையும் உன்மேல்தான் காட்ட வேண்டியிருக்கிறது, வேறு ஆள் இல்லை.

தையல் பிரித்தாகிவிட்டதா? வாய் முழுசாகத் திறக்கிறதா? தழும்பு தெரிகிறதா? பார், மூன்று கேள்விக்குறி. எண்ணிக்கொள்.

உயரத்தைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது. நான் உன் வயதில் உன்னைவிடக் குட்டை.

இப்போது நான் சந்தேகப்படுவதை எழுதுகிறேன். பட்டாணி சரி, யாரும் சொல்வார்கள். பத்து லிட்டருக்கு எவ்வளவு உப்பு என்று உனக்கு யார் சொன்னது? "தோள்" என்ற வார்த்தையை நான் உனக்குச் சொன்னதே இல்லை. சங்கத்தில் பழைய ஆட்கள் மட்டும் பேசுகிற பேச்சு அது. யாரையாவது வீட்டுக்குள் விட்டாயா? பேசினால் பரவாயில்லை, மீன் மட்டும் இடம் மாறக் கூடாது. போன வருடம் பழக்கடைக்காரர் வெளியூர் போனபோது தன் மீனை இரண்டே நாள் இன்னொரு உறுப்பினர் தொட்டியில் விட்டுவிட்டுப் போனார். போட்டியன்று எல்லோர் எதிரிலும் மீசை சிவப்பு மையால் அவர் பேரை அடித்தார். இருபது வருட நண்பர். அடித்துவிட்டு, "சட்டம் சட்டம்தான்யா" என்று தட்டிக் கொடுத்தார். அந்த ஆள் அப்படி.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலையை இன்னொருத்திக்காகப் பார்த்துக் கொடுத்து, நவம்பர் 22, 23 இரண்டு நாளும் விடுப்பு பேசி வைத்திருக்கிறேன். உன்னை நம்பித்தான்.

நம்பரை இன்னும் திறக்கவில்லை. 23ஆம் தேதி திறக்கிறேன்.

அக்கா


அக்டோபர் 10

சந்தேகப் புலி அக்காவுக்கு,

மூன்று கேள்விக்கும் பதில்: ஆயிற்று. திறக்கிறது. தெரிகிறது, ஆனால் கம்பீரமாக.

நாலாவது கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எரிச்சலாக வருகிறது. ஒரு நல்ல வார்த்தை நான் எழுதினால் அதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கிறாய். மோசமான வார்த்தை எழுதினால் மட்டும் அது என் சொந்தச் சரக்கு. மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்குவார்களா? மீன்காரி தம்பிக்கு மீன் பாடம் எடுப்பார்களா? எல்லாம் தானாக வந்தது. தனி ஒருவனாக, எவர் தயவும் இல்லாமல், பள்ளிக்கூடத்துக்கும் மாடிக்கும் நடுவில் ஓடி ஓடி வளர்த்தேன். மீசையாவது, கீசையாவது! முகத்தில் கம்பளிப்பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த ஆளிடம் எனக்கு என்ன பேச்சு?

வேண்டுமானால் கேட்டுக்கொள். காலை ஏழரைக்கு வெயில் தொட்டியின் பாதி வரை வரும். குண்டுமணி நிழல் பாதியில் நிற்கும். நான் அசையாமல் இருந்தால் மெல்ல வெயிலுக்குள் வரும். முதலில் தலை, அப்புறம் தோள், அப்புறம் முதுகு. ஒவ்வொரு செதிலும் ஓரத்தில் மட்டும் பொன்னிறமாகவும் நடுவில் ரத்தச் சிவப்பாகவும் இருக்கிறது, யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தைத்த மாதிரி. முதுகு ஒரே வளைவு, விரல் வைத்து வழித்தால் வழுக்கிக்கொண்டு வால் வரை போகும். திரும்பும்போது வால் விரிந்து மடங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்து இரண்டு நாள் முதல் மணி தவறவிட்டேன். படம் எடுத்தேன், படத்தில் அது வரவில்லை.

பலூன் இல்லை. அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

தங்கமீன் உலகின் தன்னிகரற்ற
தம்பி


நவம்பர் 3

தம்பி,

அந்த ஏழரை மணி வெயிலை மட்டும் நாலு தடவை படித்தேன். குளியலறைக் கதவு முழங்காலில் இடித்ததுகூடத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரி, "யாருடி எழுதினது, காதலனா?" என்றாள். "போடி, குரங்கு" என்றேன்.

சங்கத்திலிருந்து விண்ணப்பத் தாள் வந்துவிட்டது. இதோடு வைத்திருக்கிறேன். என் பங்கைப் பூர்த்தி செய்துவிட்டேன். கீழே இரண்டு வரி இருக்கிறது, படி. "இந்த மீன் பொரித்த நாள் முதல் இன்றுவரை எங்கள் வீட்டுத் தொட்டியில் மட்டுமே வளர்ந்தது, வேறு எந்த உறுப்பினர் தொட்டியிலும் ஒரு நாளும் இருந்ததில்லை." அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வளர்த்தவர் வெளியூரில் இருந்தால் வீட்டில் பார்த்துக்கொண்டவரும் போட வேண்டுமாம். என் பேருக்கு அடுத்தாற்போல் உன் பேர். போட்டு, 15ஆம் தேதிக்குள் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிடு. மீசை அங்கே இருந்தால் அவர் கையிலேயே கொடு. முகத்தைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுது.

ஒரு வருடமாக அந்த வெள்ளரிக்காயை விழுங்க முடியாமல் தொண்டையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் இருபது நாள்.

அக்கா

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. ரயிலை மறக்கவில்லை.


நவம்பர் 9

அக்கா,

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. மதிப்பெண் அட்டையில் அம்மா கையெழுத்தை மூன்று முறை சுத்தமாகப் போட்டவன் நான். என் சொந்தக் கையெழுத்தை இந்தத் தாளில் போட வரவில்லை. நாலு நாள் முயற்சி செய்தேன். ஓரத்தில் இருக்கிற மைக்கறை அப்படி வந்ததுதான்.

உட்கார்ந்துகொண்டு படி. கதவு முழங்காலில் இடிக்காத பக்கமாக.

உன் உயரக் கடிதம் வந்தது ஆகஸ்ட் 20, புதன். மறுநாள் வியாழன். எனக்கு வந்த ஆத்திரத்தில் பட்டினி நாளன்று விருந்து வைத்தேன். ஊற வைக்காத உருண்டை, ஒரு கைப்பிடி, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. உன்னோடு போட வேண்டிய சண்டையை மீனோடு போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் குண்டுமணி மல்லாந்து கிடந்தது. வயிறு தண்ணீருக்கு மேலே காய்ந்துபோய், செவுள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. திருப்பிவிட்டேன், மறுபடி கவிழ்ந்தது. பத்து தடவை திருப்பினேன். யாரிடம் கேட்பது? உன்னிடம் கேட்கலாம் என்றால் நம்பர் அடைத்துக் கிடக்கிறது. திறந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

இந்த ஊரில் கவிழ்ந்த மீனைத் தெரிந்த ஆள் ஒருவர்தான். வாளியில் போட்டு சைக்கிளில் மாட்டிக்கொண்டு மீசை வீட்டுக்குப் போனேன். அவர் தெரு முனையில், தண்ணீர் சிந்தக் கூடாதே என்று வாளியையே பார்த்துக்கொண்டு ஓட்டியதில் சாக்கடை மூடியில் ஏறிவிட்டேன். வாளியை விடவில்லை, அதனால் தாடை போய்த் தரையில் ஊன்றியது.

மீசை கதவைத் திறந்து வாளியை வாங்கினார். என்னை அப்புறம்தான் பார்த்தார்.

"டேய், சட்டையெல்லாம் ரத்தம்டா!"

"மீனப் பாருங்க சார்."

அகலத் தட்டில் நாலு விரல் தண்ணீர் விட்டு அதில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு என் தாடையில் துண்டை அழுத்தினார். மீனை மேலேயிருந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரு மீன்?"

"என்னோடது."

"உன் மூஞ்சிக்கு இந்த முதுகு வராது. யாருதுன்னு சொல்லு."

"அக்காவோடது."

"எந்த அக்கா?"

"வெள்ளரிக்காய் அக்கா."

அவர் மறுபடி தட்டின்மேல் குனிந்தார். அப்புறம் சொன்னார், "தம்பி, இது இங்க தங்கினா போட்டிக்கு வராது. பேரை நானே அடிச்சுருவேன். எடுத்துட்டுப் போனா நாளைக்கு இருக்காது. எதுன்னு நீ சொல்லு."

"வச்சுக்கங்க" என்றேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன்.

ஒன்பது நாள் அவர் தொட்டியில் இருந்தது. தையல் போட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் அவர்தான். அம்மாவிடம் மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்லிவிட்டேன். உன்மேல் கோபித்துக்கொண்டு நான் மீனிடம் பேசாமல் இருக்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டார், மாடிக்கு வரவே இல்லை. உப்பளவு அவருடையது. பலகை அவர் யோசனை. "தோள்" அவர் வார்த்தை. மீன் வீட்டுக்கு வந்த பிறகும் ஞாயிறு தோறும் போய் அவரிடம் கேட்டுக்கொண்டு வந்து, தனி ஒருவன் என்று உனக்கு எழுதினேன். பட்டாணித் தோலைக்கூட அவர்தான் உரித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார், நான் உரித்தால் நகம் பட்டு நசுங்குகிறதாம். அந்த ஏழரை மணி வெயில் மட்டும் என்னுடையது. அதையும் அவர், "கிட்டப் போகாத, தள்ளி நின்னு பாரு" என்று சொன்னதால்தான் பார்த்தேன்.

போட்டிப் பட்டியலில் உன் பேர் இருக்காது. நீ 23ஆம் தேதி இந்தத் தாளோடு வந்து நின்றிருந்தால் எல்லோர் எதிரிலும் சிவப்பு மை வந்திருக்கும். வெள்ளரிக்காயோடு பொய்க்காரி என்ற பேரும் சேர்ந்திருக்கும், என்னால். அதை யோசித்துத்தான் கை வரவில்லை. திட்டு. எத்தனை பக்கம் வேண்டுமானாலும். நம்பரை இன்னும் பத்து வருடம் அடைத்து வை.

இன்னொன்று இருக்கிறது. இதுதான் எழுதக் கூசுகிறது.

அன்றைக்கு என் தாடையில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே மீசை தட்டைப் பார்த்துச் சொன்னார்: "தலையிலிருந்து வாலடி வரைக்கும் ஒரே கோடு. எங்கயும் தடுமாறல பாரு. இது தீனி போட்டு வந்த உடம்பு இல்லடா, நிறுத்தத் தெரிஞ்சவ கையில வந்த உடம்பு. பதினெட்டு வருஷமா எனக்கு இப்படி ஒண்ணு வரல. போன வருஷம் நாலு பேர் முன்னாடி நான் பேசினது தப்பு. உங்கக்காகிட்ட சொல்லிடு. இங்க தங்கினதையும் சொல்லிடு, இதையும் சொல்லிடு."

அடுத்த ஞாயிறு, "சொன்னியா?" என்றார். சொன்னேன் என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டார். மூன்றாவது ஞாயிறு, "என்ன சொன்னா?" என்று கேட்டார். "ரொம்ப சந்தோஷப்பட்டா" என்றேன். அன்று முழுக்க மீசையை முறுக்கிக்கொண்டே இருந்தார் பாவம். உனக்கு ஒரு பக்கம், அவருக்கு ஒரு பக்கம், பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு ஒன்றை வீட்டிலேயே வளர்த்திருக்கிறாய், உனக்குத் தெரியவில்லை.

அவர் சொன்னதை ஆகஸ்டிலேயே எழுதியிருக்கலாம். நிஜமாகவே எழுத உட்கார்ந்தேன் அக்கா, தேதியெல்லாம் போட்டுவிட்டேன். ஆனால் அதை எழுதியிருந்தால், அந்தக் கடிதத்தில் என்னைப் பற்றி நல்லதாக எழுத ஒரு வரிகூட மிச்சம் இருந்திருக்காது.

தம்பி